மாஞ்சியமா, பாக்கெட் பாக்டீரியாவா? ஒரு சரல் விளையின் கணக்கு

குமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேற்கே, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மச்சினனுக்கு அறுபது சென்ட் விளை, அதாவது மேட்டுத் தோட்டம், கிடக்கிறது. போன வருஷம் வரைக்கும் அதில் ரப்பர் நின்றது. பால் குறைந்து, கடைசி ரெண்டு வருஷம் கண்ட இடத்திலெல்லாம் வெட்டுப் போட்டு, பிறகு மரத்தை விற்று, வேரையும் பிடுங்கியாயிற்று. இப்போது பார்த்தால் வெறும் சரல், அதாவது சரளைக்கல் மண். மம்பட்டி போட்டால் கல்லில் பட்டு 'டங்' என்று திரும்பி வருகிறது. மச்சினன் இருப்பது மஸ்கட்டில். ஒரு வெள்ளிக்கிழமை போன் போட்டான்.

"அத்தான், பேசாம மாஞ்சியம் வெச்சிருவோமா? அது மண்ணுக்கு சத்து குடுக்குமாமே. பத்து வருஷத்துல தடியும் கிடைக்கும்."

சத்து கொடுக்கும் என்பது பொய்யில்லை. அதே வாரம் உரக்கடைத் திண்ணையில் பேச்சு வந்தபோது ஒருவர் வேறு சொன்னார். "மரம் எதுக்கு? அசோஸ்பைரில்லம் ரெண்டு பாக்கெட் வாங்கிப் போடுங்க, மண்ணு தானா சரியாகும்." அவர் சொன்னது பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியா உரம். இதுவும் பொய்யில்லை. ரெண்டு பேருமே உண்மை சொன்னால் அறுபது சென்ட்டில் எதைச் செய்வது? அதற்காக ரெண்டு மாதம் அலைந்து, கேட்டு, கொஞ்சம் தோண்டியும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாஞ்சியம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கொடுக்கும் என்கிறோமே, அதைக் கொடுப்பது மாஞ்சியம் இல்லை. எந்த மரத்துக்கும் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாது. காற்றில் 78 சதவீதம் அதுதான், ஆனாலும் ரெண்டு அணுக்கள் மூன்று பிணைப்பில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் செடிக்கு அது எட்டாக்கனி. யூரியா தொழிற்சாலைகளில் அந்தப் பிணைப்பை உடைக்கக் கொதிக்கிற சூடும் பெரும் அழுத்தமும் வேண்டியிருக்கிறது. அதே வேலையைச் சாதாரண வெயிலில், மண்ணுக்குள், சத்தமில்லாமல் செய்வது பாக்டீரியா. மாஞ்சியம் போன்ற வேலங்குடும்பத்து மரங்களின் வேரில் முடிச்சு போட்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற இனம். மரம் அதற்கு வீடும் சாப்பாடும் கொடுக்கிறது, அது வாடகையாகத் தழைச்சத்தைக் கொடுக்கிறது. ஆக, மரத்தையும் மண் பாக்டீரியாவையும் ஒப்பிட உட்கார்ந்தால் வீட்டையும் அதில் குடியிருப்பவரையும் ஒப்பிட்ட கதைதான். பாக்டீரியா ரெண்டு பக்கமும் உண்டு. அதை எந்த வீட்டில் குடிவைக்கப் போகிறோம் என்பதே கேள்வி.

இது பழைய கண்டுபிடிப்பு. பயறு வகைகள் காற்றிலிருந்து தழைச்சத்து எடுப்பதும், அதற்கு வேர்முடிச்சே காரணம் என்பதும் 1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் சொன்னது. 1888-ல் டச்சுக்காரர் பெய்ஜரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நம்மூர்க்காரர்கள் அதற்கும் ரொம்ப முன்பே மரச்சீனி (மரவள்ளி) எடுத்த விளையில் ஒரு போகம் பயறு போட்டு மண்ணை ஆற்றியிருக்கிறார்கள். காரணம் தெரியாது, பலன் தெரியும்.

இனி மரத்துக்கு வருவோம். மாஞ்சியம் என்று நாம் சொல்வது அக்கேஷியா மாஞ்சியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, பப்புவா நியூ கினி, கிழக்கு இந்தோனேசியா ஆகிய இடங்கள்தான் அதன் பிறந்த வீடு. 1966-ல் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றியது. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று இருக்கிறது, ரோட்டோரங்களிலும் பொது நிலங்களிலும் நிற்கும் அக்கேஷியா. அது 1946-ல் வங்காளம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. அதன் அறிவியல் பெயரான ஆரிகுலிஃபார்மிஸ் என்பதற்குக் காது வடிவம் என்று பொருள். காய் முற்றிச் சுருண்டால் அப்படியே காது மடல்தான், பெயர் வைத்தவர் சரியாகப் பார்த்திருக்கிறார். ரெண்டையும் எங்கள் பக்கத்தில் மாஞ்சியம் என்றே சொல்லிவிடுவோம். மாஞ்சியத்தின் இலை கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம், மற்றதுடையது அரிவாள் போல ஒல்லி.

இலை என்று எழுதிவிட்டேன், அதுவும் சரியில்லை. நாற்றங்காலில் முளைத்து இரண்டு மூன்று வாரமான கன்றைப் பாருங்கள். முதலில் வருவது தொட்டாச்சிணுங்கி போலச் சிறு சிறு ஈர்க்கிலைகள். அடுத்து வருவதில் காம்பு கொஞ்சம் பட்டையாகும். அதற்கடுத்ததில் காம்பு இன்னும் விரிந்து, நுனியில் மட்டும் பழைய ஈர்க்கிலை ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு இலையே கிடையாது, காம்பு மட்டும்தான் இலை வேஷம் போடுகிறது. வேடிக்கையாக இருந்தாலும் நம் முடிவுக்கு இது முக்கியம். இலை போலத் தோன்றும் அந்தக் காம்பு தோல் மாதிரி கெட்டி. நாரும் துவர்ப்பும் அதிகம், லேசில் மக்காது.

சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு, ரோட்டோரத்தில் இருபது வருஷமாக நிற்கிற ஓர் அக்கேஷியாவின் அடியில் போய் உட்கார்ந்து சருகைக் கையால் விலக்கினேன். மேலே பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு. மூன்றாவது அடுக்கிலும் காம்பின் நரம்பு எண்ணுகிற மாதிரி முழுசாக இருந்தது. ஒரு சாண் கனத்துக்குச் சருகு, அதன் நடுவே ஒரு புல்லும் இல்லை. பாக்டீரியா பிடித்துக்கொடுத்த தழைச்சத்தில் ஒரு பங்கு இந்த மெத்தைக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது, இன்னொரு பங்கு தடியிலும் கொம்பிலும் நிற்கிறது. பத்து வருஷம் கழித்துத் தடியை லாரியில் ஏற்றும்போது அந்தப் பங்கும் கூடவே போய்விடும். மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லவில்லை. மச்சினன் நினைக்கிற வேகத்தில், நினைக்கிற அளவில் அது வராது.

சரி, மரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மண் புளித்த மண். கல்குளம், விளவங்கோடு பக்கம் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் செம்மண்ணும் வெட்டுக்கல் சரலும்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிக் கழுவிச் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கொண்டுபோய்விட்டன. மச்சினன் விளையின் மண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் பி.எச். 5.1 என்று வந்தது (ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்), மணிச்சத்தும், அதாவது பாஸ்பரசும், குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு விடாது. மாஞ்சியம் இதையெல்லாம் பொருட்படுத்தாது. பி.எச். 4.5-க்குக் கீழே போனாலும் நிற்கும். வேரோடு வாழும் பூஞ்சைகளின் துணையோடு, இருக்கிற கொஞ்ச மணிச்சத்தையும் தேடி எடுத்துக்கொள்ளும். நல்ல இடமாக இருந்தால் வருஷத்துக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆடு மாட்டுக்கும் இதன் மேல் பெரிய ஆசை கிடையாது. கன்று பிடித்து மேலே வந்துவிட்டால் தண்ணீர் விட ஆள் வேண்டாம், களை எடுக்க ஆள் வேண்டாம். வளைகுடாவில் இருப்பவர்களின் விளைகளில் இந்த மரம் அதிகம் தென்படுவதற்கு ஆளில்லாமை பெரிய காரணம் என்பது என் கணிப்பு. மண்வளம் என்பது அப்புறம் சேர்த்துக்கொண்ட காரணம்.

வருமானம் என்ன? மூன்று மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் அறுபது சென்ட்டில் சுமார் 270 மரம் நிற்கும். காகிதக்கூழுக்கும் பிளைவுட்டுக்கும் தட்டுமுட்டு மரச்சாமானுக்கும் போகிற தடி இது. ஆனால் மாஞ்சியத்துக்கு உள்ளே ஒரு வியாதி உண்டு, நடுத்தடி அழுகல். வெளியே பார்த்தால் மரம் ஜம்மென்று இருக்கும், அறுத்தால் நெஞ்சு புழுதி. கொம்பு ஒடிந்த இடத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே போய்விடும். சின்ன வயதிலேயே கொம்புகளை ஒட்ட அறுத்துச் சரியாகக் கவாத்து செய்தால் ஓரளவு தப்பிக்கலாம். அதற்கு ஆள் வேண்டும். ஆளே வேண்டாம் என்றுதானே இந்த மரத்தைப் பார்த்தோம்?

காற்றையும் கணக்கில் சேர்க்கணும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகிப் புயல் அடித்த மறுநாள் காலையில் எங்கள் ஊர் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து கிடந்தன. மாஞ்சியத்துக்கு வேர் மேலோட்டம், தலைப்பாரம் அதிகம், தடியும் சுலபமாக ஒடியும். விளையின் கிழக்கு எல்லையில் பக்கத்து வீட்டு மாமியின் ஓட்டுக்கூரை இருக்கிறது. மரம் வைக்கிற பேச்சு அவர் காதுக்கு எப்படியோ போய், வேலியோரம் வந்து நின்றார்.

"மக்களே, ஒனக்க மச்சினன் மரத்த வெச்சிட்டு மஸ்கட்டுல இருப்பான். எனக்க முற்றத்த யாரு தூப்பா?"

ஒப்பீட்டில் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை கொஞ்சம் கூடுதலாகவே போடுவேன்.

பணம் பற்றி இன்னொரு வார்த்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் 'ஆடு, தேக்கு, மாஞ்சியம்' என்று ஒரு சொலவடையே இருக்கிறது. தொண்ணூறுகளில் மரம் வளர்த்து லட்சம் லட்சமாகத் தருகிறோம் என்று பணம் வாங்கிய திட்டங்கள் கவிழ்ந்த பிறகு வந்த பேச்சு அது, இன்றைக்கும் யாராவது பேராசை காட்டினால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். மரத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் 'பத்து வருஷத்தில் இத்தனை லட்சம்' என்று எவர் சொன்னாலும் ஒரு நிமிஷம் அந்தச் சொலவடையை நினைத்துக்கொள்வது நல்லது. வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் நம் ஊரில் என்ன அனுமதி வேண்டும் என்பதையும் நடும் முன்பே வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேட்டுவிட வேண்டும். வெட்டுகிற அன்றைக்குக் கேட்டால் வியாபாரி பாதி விலைதான் சொல்வார்.

பரவுகிற குணமும் உண்டு. விதையோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் நாரைப் பறவை தின்று விதையை எங்கேயோ போடும். விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். விதைத்தோல் அவ்வளவு கெட்டி. நாற்றுப் போடுபவர்கள் கொதிக்கிற நீரில் அரை நிமிஷம் போட்டெடுத்து, பிறகு ராத்திரி முழுக்க ஊறவைப்பது அதனால்தான். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று கொண்டுவந்த வாட்டில், அதாவது அங்கே சீகை மரம் என்பது, இதே வேலங்குடும்பம்தான். சோலைக்கு நடுவே இருந்த புல்வெளிகளை அது விழுங்கிவிட்டு, இப்போது அதைப் பிடுங்கவே அரசாங்கம் செலவு செய்கிறது. நம் விளை புல்வெளி இல்லை என்பது உண்மை. ஆனால் பேச்சிப்பாறைக் காடு எங்களுக்கு ரொம்பத் தூரமும் இல்லை.

இனி பாக்கெட்.

கடையில் கிடைக்கும் நுண்ணுயிர் உரங்களில் தழைச்சத்துக்கானவை முக்கியமாக மூன்று. ரைசோபியம் பயறு வகைக்கு மட்டும், முடிச்சு போட்டு உள்ளே வாழும். அசோஸ்பைரில்லம் நெல், வாழை, தென்னை, மரச்சீனி எல்லாவற்றுக்கும் ஆகும், வேரைச் சுற்றியும் வேரின் மேல்தோலிலும் இருக்கும், முடிச்சு போடாது. அசட்டோபாக்டர் மண்ணில் தன்னிச்சையாகத் திரிவது. இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: ரைசோபியம் வீட்டோடு இருக்கும் மருமகன், அசோஸ்பைரில்லம் பகல் கூலி, அசட்டோபாக்டர் வழிப்போக்கன். கொடுக்கிற அளவும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான்.

அசோஸ்பைரில்லத்தின் பெருமை 1970-களில் பிரேசிலில் யோஹானா டோபரைனர் என்ற விஞ்ஞானி புல்வகைகளின் வேரில் அதைத் திரும்பக் கண்டெடுத்து ஆராய்ந்த பிறகு ஏறியது. அது வேர் வளரத் தூண்டும் ஒரு பொருளையும் சுரக்கிறது. பயிர் செழிப்பதற்குத் தழைச்சத்தை விட இந்த வேர்வளர்ச்சியே பெரிய காரணம் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் நிறைய. எதுவானாலும் நமக்கு லாபம்.

ஆனால் எவ்வளவு லாபம்? கணக்குப் போட்டுவிடலாம். மச்சினன் விளையில் தென்னை வைத்தால் ஏக்கருக்கு எழுபது என்ற கணக்கில் 42 தென்னை நிற்கும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 560 கிராம் தழைச்சத்து வேண்டும். 42 மரத்துக்கு ஏறத்தாழ இருபத்து மூன்றரை கிலோ. அசோஸ்பைரில்லம் எக்டேருக்கு 20 முதல் 40 கிலோ வரை கொடுக்கும் என்று கையேடுகளில் போட்டிருக்கிறது. அதை அப்படியே நம்பினாலும் அறுபது சென்ட்டுக்கு ஐந்திலிருந்து பத்து கிலோதான் வருகிறது. யூரியாவாக மாற்றிச் சொன்னால் அரை மூட்டைகூட இல்லை. ஆக, 'பாக்கெட் போட்டால் மண் தானாகச் சரியாகும்' என்ற திண்ணைப் பேச்சில் பாதிதான் உண்மை. துணை உரம் அது, முழுச்சாப்பாடு இல்லை.

செலவு மட்டும் மிகக் குறைவு. தென்னைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 கிராம் அசோஸ்பைரில்லமும் மணிச்சத்தைக் கரைத்துக்கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா 50 கிராமும் தொழுவுரத்தோடு கலந்து வேர் படரும் இடத்தில் போடச் சொல்கிறார்கள். 42 மரத்துக்கு வருஷத்துக்கு 200 கிராம் பாக்கெட் இதில் 21, அதில் 21. ரெண்டும் சேர்ந்த அசோபாஸ் கிடைத்தால் அதையே 100 கிராம் வைக்கலாம். நுண்ணுயிர் உரத்தை விற்கிற காசைப் பார்த்தால் உரக்கடைக்காரர் முகத்தில் சிரிப்பு வராது, அவ்வளவு மலிவு.

மலிவாக இருப்பதிலேயே ஒரு வம்பும் இருக்கிறது, கவனிக்க ஆளில்லை. பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர் என்பது விற்பவருக்கும் மறந்துவிடுகிறது, வாங்குபவருக்கும் மறந்துவிடுகிறது. ரெண்டு வருஷம் முன்பு எங்கள் ஏத்தன் வாழைக்கு ஒரு கடையில் பத்து பாக்கெட் வாங்கினேன். தகரக்கூரை, மே மாதம், ஜன்னலோரத்து அலமாரி. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலாவதித் தேதியின் மேலேயே விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன், நாலு மாதம் தாண்டியாயிற்று. அப்போதும் விடவில்லை நான். 'போட்டால் போகட்டும்' என்று யூரியாவோடு சேர்த்தே கலந்து வாழை மூட்டில் வைத்தேன். இப்படிச் செய்யவே கூடாது. ரசாயன உரத்தோடும் மருந்தோடும் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும், ரெண்டு வாரமாவது இடைவெளி விடணும். ஆக, கடைக்காரரும் நானும் சேர்ந்தே கொன்றோம். வாழை வளர்ந்தது, யூரியாவில்.

தேதியைப் பார்த்து, வெயில் படாத இடத்திலிருந்து எடுத்து வாங்குவதே இதில் பெரிய வித்தை. தூளாக இருந்தால் ஆறு மாதம், திரவமாக இருந்தால் ஒரு வருஷம் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூளில் கிராமுக்கு ஐந்து கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும், திரவத்தில் மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி. எண்ணிப் பார்க்க நம்மால் முடியாது, தேதியைப் பார்க்கவாவது முடியும்.

அடுத்த தடை மண்ணின் புளிப்பு. மாஞ்சியத்தைப் போல இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பெருந்தன்மை கிடையாது. 5.1 பி.எச். மண்ணில் பலதும் சோர்ந்துவிடும். காற்றைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் என்ற உலோகம் துளியளவு வேண்டும், புளித்த மண்ணில் அதுவும் கிடைக்காது. சுண்ணாம்பு போட்டால் ரெண்டும் சரியாகும். அதனால் பாக்கெட் விலையோடு சுண்ணாம்பு விலையையும் சாணத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கரிமச்சத்து இல்லாத சரலில் பாக்டீரியாவை விடுவதும், சோறு வைக்காத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பதும் ஒன்று.

மரத்துக்குப் பத்து வருஷப் பொறுமையும் பெரிய இடமும் வேண்டும், மண்ணின் புளிப்பைத் தாங்கும், ஆனால் பிடித்த சத்தை விடாது. பாக்கெட்டுக்கு இடமே வேண்டாம், பொறுமையும் வேண்டாம், ஆனால் அவ்வப்போது கண் வைக்க ஆள் வேண்டும், அதுவும் தருவது கொஞ்சம். ஆளில்லாத விளைக்கு ஒன்று, ஆளிருக்கும் விளைக்கு ஒன்று. மச்சினன் விளைக்கு அரை ஆள் இருக்கிறான், அது நான்.

அரை ஆளுக்கு ஏற்ற வழி என்ன என்று யோசித்தபோதுதான் பழைய ரப்பர் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ரப்பர் கன்று வைத்தால் முதல் வருஷங்களில் இடையில் பியூரேரியா, முக்குனா என்று கொடிகளைப் பரவவிடுவோம். மண் மூடும், களை அடங்கும், வேரில் முடிச்சு போடும், வாடி விழுந்தால் மக்கும். பாக்டீரியாவை மரத்திலும் குடிவைக்காமல், வெறும் மண்ணிலும் விடாமல், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் மக்கும் செடியில் குடிவைப்பது. பயறு, சணப்பை, கொழுஞ்சி, வேலிக்குச் சீமக்கொன்னை. சீமக்கொன்னையும் பயறு வகைக் குடும்பம்தான், கொம்பை ஊன்றினாலே வேர்பிடிக்கும். அதன் தழையை வெட்டி மழைக்காலத்தில் மூட்டில் போட்டால் ஒரு மாதத்தில் காம்பும் நரம்பும்தான் மிஞ்சும். ரோட்டோர அக்கேஷியாவின் அடியில் நான் புரட்டிய மூன்று அடுக்கை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சும்மா பேசுவதை விட ரெண்டு சென்ட்டில் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு மூன்று வாரம் முன்பு சுண்ணாம்பு தூவி, மழை பிடித்ததும் கொஞ்சம் சாணம் போட்டு, தட்டைப்பயறு விதைத்தேன். ஒரு சென்ட்டுக்கு ரைசோபியம் பூசிய விதை. அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, அதில் தூளைக் குழப்பி, விதையைப் புரட்டி, திண்ணை நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே போட்டாயிற்று. மற்ற சென்ட்டுக்கு வெறும் விதை.

நாற்பதாவது நாள், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ரெண்டு பக்கமும் ஐந்தைந்து செடியை மம்பட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். இழுத்துப் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், அலசித்தான் பார்க்கணும். பூசாத பக்கத்திலும் முடிச்சு இருந்தது. பழைய ரப்பர் காலத்துக் கொடிகள் விட்டுப்போன பாக்டீரியாவாக இருக்கலாம். ஆனால் பக்கவேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கடுகு அளவில். நகத்தால் கிள்ளினால் பல முடிச்சுகளுக்குள் வெள்ளை. பூசிய பக்கத்தில் ஆணிவேரின் கழுத்திலேயே கொத்தாக, குருமிளகு அளவில். கிள்ளியதும் நகம் சிவந்தது. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரியே ஒரு பொருள். ஆக்சிஜன் அதிகமானால் பாக்டீரியாவின் நொதி கெட்டுப்போகும், அதனால் செடியே இதைத் தயாரித்து ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் ஒன்று இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது.

பிளந்த முடிச்சைப் படம் எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது.

"அத்தான், இது என்ன, ரத்தம் மாதிரி? அப்போ மாஞ்சியம் வேண்டாமா?"

அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளையின் வடமேற்கு மூலையில் எட்டு சென்ட் அளவுக்குப் பழைய கல் வெட்டிய குழி இருக்கிறது. மண்ணே கிடையாது, பாறையும் சல்லியும்தான். கிணற்றுக்கும் மாமியின் கூரைக்கும் அது தூரம். அங்கே பயறு வராது, தென்னை வராது. இருபது அக்கேஷியா வைத்து, நாற்றுப் பையில் பழைய அக்கேஷியா மரத்தடி மண் ஒரு பிடி சேர்த்துவிட்டால் அதுவாகப் பிழைத்துக்கொள்ளும். பத்து வருஷம் கழித்துச் சருகு மக்கிய ஒரு விரல் மண்ணாவது அங்கே இருக்கும். மீதி இடத்தில் ரெண்டு வருஷம் பயறும் சணப்பையும், எல்லையில் சீமக்கொன்னை, அதற்குள் தென்னைக்குழி எடுத்து, வைக்கும்போதே அசோஸ்பைரில்லம். இடையில் நாலு மூடு அயனி மரமும் வைக்கலாம் என்று எனக்கு ஆசை, அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.

"அப்போ அந்தப் பயறு?" என்று கேட்டான்.

மண்ணுக்கு உரமாக வேண்டுமென்றால் பூக்கிற நேரத்திலேயே வெட்டி மூடிவிட வேண்டும். காய்க்கவிட்டால் தழைச்சத்தில் பாதிக்கு மேல் பருப்புக்குள் போய்விடும். அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு மறுநாள் வெட்டப் போனால், வேலியோரத்தில் மாமி கடவப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஓரத்து ரெண்டு வரியை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.